வாசலில் ஒரு பிழை திருத்தம்

புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதிப் பழகியவன் நான். இந்தத் தடவை மூன்றே மூன்று வாக்கியங்களுக்கு மதிப்புரை எழுத உத்தேசம். எழுதியவர் தம் பெயரைப் போடவில்லை. தேதி இல்லை, விலையும் இல்லை. இருந்தும் எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகளுக்கும் ஒரே ராத்திரியில் அந்த வாக்கியங்கள் போய்ச் சேர்ந்தன. என் நாவல் எதுவும் அத்தனை சுருக்காக யார் வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை.

வாக்கியங்கள் ஆங்கிலத்தில் வந்தன. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'செயல்திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது. சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன. மேலான அனுபவத்துக்கு உடனே அப்டேட் செய்துகொள்ளவும்.'

செல்போன் வைத்திருக்கும் யாரும் இவற்றை நூறு தடவையாவது பார்த்திருப்பார்கள்; படித்திருக்க மாட்டார்கள். நானும் படித்ததில்லை. ஒரு தபால் கார்டு வந்துதான் என்னைப் படிக்க வைத்தது.

நான் குடியிருப்பது புதுக்கோட்டையில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில். முன்பு அங்கே பகலில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். தெருக்கோடியில் ஆள் திரும்பும்போதே நடையைப் பார்த்து, எந்த வீட்டுக்கு வருகிறவர் என்று சொல்லிவிடுவார். அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கணக்குப் பார்த்து, அதற்குப் பதில் வீடியோ டோர் போன் வைத்துவிட்டால் இரண்டே வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் செக்ரட்டரி விளக்கினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

வாசல் தூணில் பதித்த ஒரு பெட்டி. அதில் ஒரு காமிரா, பேசவும் கேட்கவும் சிறு துளைகள், எண்களை அழுத்தப் பொத்தான்கள். ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும் சுவரில் ஒரு சின்னத் திரை. வந்தவர் வீட்டு எண்ணை அழுத்தினால் அவர் முகம் திரையில் தெரியும். இரண்டு வார்த்தை பேசிப் பார்த்து, இருந்த இடத்திலிருந்தே கேட்டைத் திறந்துவிடலாம். சௌகரியமான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பார்வைக்கு அழைப்பு மணி மாதிரி இருந்தாலும் அது மணியல்ல. வாசல் பெட்டி ஒரு கம்ப்யூட்டர். வீட்டுத் திரை ஒவ்வொன்றும் ஒரு கம்ப்யூட்டர். அவை தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பாஷை வைத்திருக்கின்றன. ஒரு பக்கத்தில் பாஷை மாறி மறு பக்கத்தில் மாறாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அன்று கையைத் தூக்கிய எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

கீரனூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். அச்சகங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் புரூஃப் திருத்தியவர். என் நாவல்களில் எதுவும் அவர் பார்வைக்குப் போகாமல் வெளிவந்ததில்லை. செல்போன் வைத்துக்கொள்வதில்லை. சொல்லி அனுப்பிவிட்டு வரும் வழக்கமும் கிடையாது. பஸ் ஏறி வருவார். பென்சிலால் பிழை குறித்த கட்டை மேஜைமேல் வைப்பார். ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து கார்டு வந்தது.

'செவ்வாய் காலை பத்தே காலுக்குத் தங்கள் இல்லத்து வாசலுக்கு வந்தேன். எண்ணை அழுத்தினேன். மூன்று தடவையும் மணி நன்றாகவே அடித்தது. தாங்கள் எழுத்தில் ஆழ்ந்திருக்கக்கூடும் என்று எண்ணித் திரும்பிவிட்டேன். புரூஃப் கட்டைத் தபாலில் அனுப்புகிறேன். பிழைகள் அதிகம் இல்லை.'

செவ்வாய் காலை பத்தே காலுக்கு நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அந்தத் திரைக்கு நேர் எதிரே. மணி அடிக்கவில்லை.

கீழே இறங்கிப் போய் நானே என் வீட்டு எண்ணை அழுத்தினேன். வாசல் பெட்டியில் டிரிங், டிரிங் என்று சத்தம் கேட்டது. மாடியில் என் மனைவியை நிற்கச் சொல்லியிருந்தேன். "ஒண்ணும் கேக்கலைங்க" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது. பன்னிரண்டு வீடுகளிலும் இதே கதை. ஐந்து நாளாக இப்படி இருந்தும் ஒருவருக்கும் தெரியவில்லை. சாமான் கொண்டுவரும் பையன்கள் செல்போனில் கூப்பிட்டுவிடுகிறார்கள். வீட்டு வேலைக்கு வருகிற பெண்களுக்குக் கேட்டின் ரகசிய எண் தெரியும். செல்போனும் இல்லாமல், ரகசிய எண்ணும் தெரியாமல், வெறும் மனிதராக வந்து நின்றவர் அந்த ஐந்து நாளில் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

திருச்சியிலிருந்து மெக்கானிக் வந்தார். நல்ல பிள்ளை. பொறுமையாக விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி செக்ரட்டரி தம் செல்போனில் வந்த அறிவிப்பைப் பார்த்து 'சரி' என்று அழுத்தியிருக்கிறார். வாசல் பெட்டிக்குப் புது மென்பொருள் ஏறிவிட்டது. வீட்டுத் திரைகளுக்குத் தனித்தனியே ஏற்ற வேண்டுமாம், அது நடக்கவில்லை. ஆகையால் பெட்டி கூப்பிடுவது திரைகளுக்கு விளங்கவில்லை.

"அப்படியானால் வெளியே மணிச் சத்தம் கேட்டதே, தம்பி?" என்றேன்.

"அது பெட்டியே போடுற சத்தம் சார். உள்ள அடிச்சாலும் அடிக்காட்டியும் அது போடும்."

இந்தப் பதில் என்னை ஒரு ராத்திரி தூங்கவிடவில்லை. பழுதான மணி என்றால் வெளியே நிற்பவருக்குப் பழுது என்று தெரியும். கதவைத் தட்டலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். இதுவோ அடிக்காத மணியை அடிப்பதாகச் சொல்லிற்று. என் நண்பர் அதை நம்பினார். நான் உள்ளே இருந்துகொண்டே வராமல் இருக்கிறேன் என்றும் நம்பினார். அதற்கும் ஒரு நல்ல காரணத்தை அவரே எனக்காகக் கற்பித்துக்கொண்டு, ஈரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்தார்.

இப்போது அந்த மூன்று வாக்கியங்களைப் பார்ப்போம்.

முதலில் வினைச்சொற்கள். 'மேம்படுத்தப்பட்டுள்ளது', 'சரிசெய்யப்பட்டுள்ளன'. இரண்டும் செயப்பாட்டு வினை. செய்தவர் யார் என்று சொல்ல வேண்டாத இடத்தில் இலக்கணம் நமக்குக் கொடுத்திருக்கும் வசதி இது. 'கோவிலில் தீபம் ஏற்றப்பட்டது' என்று எழுதினால் குற்றமில்லை. யார் ஏற்றினாலும் வெளிச்சம் ஒன்றுதான். 'கணக்கில் பணம் எடுக்கப்பட்டுள்ளது' என்று எழுதினால் உடனே யார் என்று கேட்போம். வாசல் கதவின் விஷயம் இந்த இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தது.

அடுத்தது 'சில'. சில பிழைகள் என்றால் எத்தனை? எவை? நேற்றுவரை அந்தப் பிழைகள் என் வாசலில் இருந்தனவா? இருந்தால் அவற்றால் எனக்கு என்ன நேர்ந்திருக்கும்? பிழை இருந்தது என்று ஒப்புக்கொள்வதுபோலத் தொடங்கி, எந்தப் பிழை என்று சொல்லாமல் முடிகிற வாக்கியம் ஒப்புதல் ஆகாது. 'தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது தப்புச் செய்திருந்தால் மன்னிக்கவும்' என்று கல்யாணப் பந்தலில் சம்பந்தி சொல்கிற உபசாரம் அது.

மூன்றாவது 'மேலான அனுபவம்'. யாருடைய அனுபவம்? இதைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். அறிவிப்பு வந்தது வீட்டுக்காரர்களுக்கு. அதாவது உள்ளே இருப்பவர்களுக்கு. வெளியே நிற்பவர்தான் அந்தப் பெட்டியைத் தொடுகிறார். அவர் முகத்தைத்தான் அது படம் பிடிக்கிறது. அதன் சொல்லை நம்பிக் காத்திருப்பவரும் அவர்தான். எழுதியவர் மனசில் அப்படி ஒருவர் இருந்ததாகவே தெரியவில்லை. ஒரு கதையில் முக்கியமான பாத்திரத்தை ஆசிரியர் மறந்துவிட்டால் அதைக் குறை என்று எழுதுவோம். வாசல் மணியைப் பற்றிய எழுத்தில் வாசலில் நிற்பவரை மறந்திருக்கிறார்கள்.

பின் எப்படி எழுதுவது என்று கேட்பது நியாயம். குறை சொல்கிறவன் ஒரு மாதிரியாவது காட்ட வேண்டும். 'வாசல் பெட்டிக்குப் புது மென்பொருள் வந்திருக்கிறது. வீட்டுத் திரைகளுக்கும் சேர்த்து ஏற்றும்வரை உள்ளே மணி அடிக்காது. வேண்டாமென்றால் பழையதற்கே திரும்பலாம், வழி இதோ.' இதுவும் மூன்று வாக்கியம்தான். அதே இடத்தைத்தான் பிடிக்கும். எங்கள் செக்ரட்டரி இதைப் படித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அழுத்தியிருக்க மாட்டார். திங்கட்கிழமை மெக்கானிக்கை வரவழைத்துவிட்டு அழுத்தியிருப்பார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எங்கள் குடியிருப்பில் ஒருவர், "இனிமேல் அப்டேட்டே வேண்டாம் சார், இருக்கிறபடி இருக்கட்டும்" என்றார். அதுவும் சரியல்ல. புதுப்பிக்காமல் விட்ட வாசல் திறந்து கிடக்கும் வாசலாகிவிடக்கூடும். 2016-ல் மிராய் என்ற ஒரு கெட்ட மென்பொருள் உலகம் முழுவதும் காமிராக்களுக்குள்ளும் அவை போன்ற சின்னச் சின்னச் சாதனங்களுக்குள்ளும் நுழைந்தது. நுழைவதற்கு அது பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய கடவுச்சொல்லை வாங்கியவர்கள் மாற்றாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அப்படிப் பிடித்த சாதனங்களைப் படையாகத் திரட்டி, அந்த வருஷம் அக்டோபர் 21-ந் தேதி அமெரிக்காவில் பெரிய பெரிய இணையத் தளங்களையெல்லாம் முடக்கினார்கள். வீட்டு வாசலைக் காவல் காக்க வைத்த காமிரா, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்துகொண்ட கதை இது.

எங்கள் பெட்டியின் ஜாதியைச் சேர்ந்த ஒன்றுக்கே நேர்ந்ததும் உண்டு. கிளாரோட்டி என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் குழுவொன்று புது அலுவலகத்துக்குக் குடிபோயிற்று. அங்கே ஏற்கெனவே வாசலில் அக்குவாக்ஸ் கம்பெனியின் இ-11 என்ற வீடியோ இண்டர்காம் பொருத்தியிருந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஆராய்ந்து பார்த்தார்கள். 13 ஓட்டைகள் அகப்பட்டன. வெளியார் ஒருவர் தூரத்தில் இருந்தபடியே அதன் காமிராவையும் மைக்கையும் இயக்க முடியும் என்பது அவற்றில் ஒன்று. 2022 ஜனவரியிலிருந்தே கம்பெனிக்குத் தெரிவிக்க முயன்றும் சரியான பதில் வராததால், 2023 மார்ச்சில் விஷயத்தை வெளியிட்டார்கள். அதன்பிறகே திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தை ஏற்றாதவன் வீட்டில் ஓட்டை அப்படியே இருக்கும். ஆகவே அப்டேட் வேண்டாம் என்பவர் கட்சியில் நான் இல்லை. என் சண்டை திருத்தத்தோடு அல்ல. திருத்தத்தைச் சொல்லும் விதத்தோடு.

பாதுகாப்பு ஓட்டையை விலாவாரியாக எழுதினால் திருடனும் அதைப் படிப்பானே என்று ஒரு ஆட்சேபம் உண்டு. நியாயமான ஆட்சேபம்தான். எல்லாரும் திருத்தத்தை ஏற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்துவிட்டு, பிறகு சொல்லட்டும். முன்னால் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கலாம். பின்னாலும் சொல்லாமல் இருப்பதற்கு என்ன காரணம்?

என் நண்பரின் தொழிலில் இதற்கு ஒரு பழைய ஒழுக்கம் இருந்தது. அச்சுக் கோக்கும் காலத்தில் ஒரு பக்கத்தைத் திருத்திப் புதிதாக ஒரு புரூஃப் எடுத்து, அது சரியாக வந்தது என்று கண்ணால் பார்க்கும்வரை கோத்த எழுத்தைக் கலைக்க மாட்டார்கள். கலைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். மெக்கானிக் பிள்ளை சொன்ன ஒரு விஷயம் எனக்கு இதை ஞாபகப்படுத்திற்று. நல்ல சாதனங்களில் மென்பொருளுக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருப்பார்களாம். புதியதை ஒன்றில் எழுதி, அது கம்பெனி அனுப்பியதுதானா என்று கையெழுத்துச் சரிபார்த்து, ஓடவிட்டுப் பார்த்து, ஓடாவிட்டால் மற்றொன்றில் இருக்கும் பழையதற்கே திரும்பிவிடுமாம். மட்டமான சாதனங்களில் ஒரே இடம்தான். பழையதன் மேலேயே எழுதுவார்கள். பாதியில் கரண்ட் போனால் பெட்டி செங்கல்லுக்குச் சமம். கரண்ட் எப்போது போகும் என்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டிய ஊர்களில் இதை வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

அச்சாகிவிட்ட புத்தகத்தில் பிழை கண்டால் என்ன செய்தார்கள்? 'பிழை திருத்தம்' என்று தனியாக ஒரு தாள் போட்டார்கள். நான்கு பத்தி: பக்கம், வரி, பிழை, திருத்தம். திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி அம்மையாரும் சொந்த முயற்சியில் உருவாக்கிய ஞானாலயா நூலகம் புதுக்கோட்டைக்காரர்களுக்குத் தெரியும். முதல் பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்த இடம். அங்கே பழைய புத்தகங்களைப் புரட்டுகிறபோதெல்லாம் நான் அந்தத் தாளைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு புத்தகத்தின் நாணயம் அதில் தெரியும். 'இன்ன பக்கம், இன்ன வரி, நான் இப்படித் தவறினேன். இப்படிப் படியுங்கள்' என்று ஆசிரியர் வாசகர் கையில் பேனாவைக் கொடுக்கிறார். பழைய பிழையும் அங்கேயே இருக்கும். திருத்தமும் பக்கத்திலேயே இருக்கும். திருத்தம் சரிதானா என்று வாசகரே தீர்மானிக்கலாம்.

பெரியவர்கள் இதில் வெட்கப்பட்டதில்லை. உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். இன்றைக்கும் போற்றுகிற காரியம். அத்தோடு முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. 1907-ல் மறுபடியும் அதைப் பதிப்பித்தார். தம் பதிப்புகளில் எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று பெயரோடு குறித்தார். ஒரு ஏட்டில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் இருந்தால் இரண்டையும் காட்டினார். அவருக்கு இல்லாத கூச்சம் ஒரு மணிப் பெட்டிக் கம்பெனிக்கு எதற்கு?

அச்சும் வருவதற்கு முன்னால் என்றால், நம் மாவட்டத்திலேயே கல்லில் ஒரு சாட்சி இருக்கிறது. சித்தன்னவாசலுக்கு ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. குகைக் கோவிலின் முகப்புக்குப் பக்கத்தில் பாறையில் ஒரு கல்வெட்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், அவனிபசேகர ஸ்ரீவல்லபன் என்ற பாண்டிய மன்னன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்ளே இருந்த மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னால் ஒரு முகமண்டபமும் எடுத்தான் என்று அது சொல்கிறது. யார் செய்தது, யார் காலத்தில் செய்தது, எதைப் புதுப்பித்தது, எதைப் புதிதாகச் சேர்த்தது, எல்லாம் இருக்கிறது. அந்த முகமண்டபம் பின்னால் இடிந்துபோயிற்று. இப்போது அங்கே நிற்கும் தூண்கள் சமஸ்தான காலத்தில், இருபதாம் நூற்றாண்டில், குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. கட்டடம் போய்விட்டது, கணக்கு இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்துப் போய் நிற்கிறவனுக்கும் எது பழையது, எது சேர்ந்தது என்று தெரிகிறது. எங்கள் வாசல் பெட்டியில் போன மாதம் என்ன இருந்தது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எத்தனை நாளைக்குத் திருத்துவார்கள்? ஒரு கதவு வாங்கினால் பேரன் காலம்வரை வரும். பூட்டு வாங்கினால் கடைக்காரர் கடையை மூடிவிட்டாலும் பூட்டு பூட்டிக்கொண்டுதான் இருக்கும். இந்தச் சாதனங்களின் ஆயுள் அவற்றின் உலோகத்தில் இல்லை. தூரத்தில் யாரோ ஒருவர் இதை இன்னும் கவனிப்பது என்று எடுக்கும் தீர்மானத்தில் இருக்கிறது. ரிவால்வ் என்று ஒரு சாதனம் அமெரிக்காவில் விற்றது. வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்குவது. அந்தக் கம்பெனியை நெஸ்ட் வாங்கிற்று. 2016 மே 15-ந் தேதியோடு சேவையை நிறுத்திக்கொண்டார்கள். வாங்கியவர்கள் வீட்டில் அது பழுதில்லாத ஜடமாக உட்கார்ந்துகொண்டது.

அரசாங்கங்கள் தாமதமாகவேனும் விழித்துக்கொண்டிருக்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலுக்கு வந்த சட்டப்படி, எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுவான கடவுச்சொல்லோடு இத்தகைய சாதனங்களை விற்கக் கூடாது. குறைந்தபட்சம் எத்தனை காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்போம் என்று விற்கும்போதே சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் சட்டம் இயற்றி, அதன் முக்கியமான நிபந்தனைகளை 2027 டிசம்பருக்கு வைத்திருக்கிறது. நம் நாட்டில் சிசிடிவி காமிராக்களை விற்பதற்குப் பாதுகாப்புப் பரிசோதனை வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சட்டம் காலத்தையும் கடவுச்சொல்லையும் கேட்கும். வாக்கியத்தின் நாணயத்தைக் கேட்காது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

நாம் என்று சொல்வதில் எங்கள் அசோசியேஷனும் அடக்கம். 1994-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ம் வருஷத்துத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில் பொது இடங்கள் எல்லா உரிமையாளர்களுக்கும் சேர்ந்தவை. வாசலுக்கு வெள்ளையடிப்பதானால் கூட்டம் போட்டு எந்தக் கலர் என்று இரண்டு மணி நேரம் சண்டை போடுகிறோம். அதே வாசல் யாரைக் கூப்பிடும், யாரைக் கூப்பிடாது என்பதை ஒருவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு விரலால் மாற்றிவிட முடிந்தது. செக்ரட்டரியை நான் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அழுத்தித்தான் இருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீரனூருக்குப் போனேன். பெரியவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. கட்டு வந்துச்சா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. நானாகவே நடந்ததை முழுக்கச் சொன்னேன். செல்போனை எடுத்து அந்த மூன்று வாக்கியங்களைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையைத் தூரத்தில் ஒரு தடவையும் கிட்டத்தில் ஒரு தடவையும் பிடித்துப் படித்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும்.

"பக்க எண் எங்க தம்பி?" என்றார்.

"இவ்வளவுதான் ஐயா போட்டிருக்கிறார்கள்."

"பக்கமும் வரியும் போடாம திருத்தம்னு ஒண்ணு போட்டா அதுக்குப் பேரு திருத்தம் இல்ல. விளம்பரம்." கண்ணாடியைக் கழற்றினார். "உங்க மேல எனக்கு வருத்தமில்ல தம்பி. மணி அடிச்சுதுன்னு நானும் நம்பிட்டேன் பாருங்க. புரூஃப் பாக்குறவன் அப்படி நம்பக் கூடாது."

திரும்பி வந்ததும் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் சொன்னேன். வாசல் பெட்டிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு சாதாரண மணிப் பொத்தான்கள் வைப்பது ஒன்று. அது செலவு என்று தள்ளிப்போட்டார்கள். மற்றொன்று இருபது ரூபாய்ச் சமாசாரம் என்பதால் நிறைவேறிற்று. வாசல் பெட்டிக்குக் கீழே ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. நான்கு பத்தி: தேதி, எதை மாற்றினோம், மாற்றியவர் யார், மாற்றியபின் வெளியே நின்று அழுத்திப் பார்த்தவர் யார். கடைசிப் பத்தியில் கையெழுத்து விழாமல் மெக்கானிக்குக்குப் பணம் கொடுப்பதில்லை என்று ஏற்பாடு. முதல் பதிவை நானே எழுதினேன்: ஞாயிறு ராத்திரி பெட்டிக்கு மட்டும் மென்பொருள் மாற்றியது, ஐந்து நாள் மணி அடிக்காதது, பிறகு திரைகளையும் மாற்றிச் சரிசெய்தது எல்லாவற்றையும்.

தை மாதம் ஒரு காலையில் மணி அடித்தது. திரையில் ஒரு நெற்றியும் கண்ணாடியின் மேல் விளிம்பும் மட்டும் தெரிந்தன. ரொம்பக் கிட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். திறக்கும் பொத்தானை அழுத்தாமல் படியிறங்கி ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துவிட்டார்.

"முதல் பதிவிலேயே ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையில் பென்சிலைத் தேடினார்.